நெஸ்டாவின் செப்டம்பர்

லாவெண்டர் புதருக்கு எதிரே வந்தால் நெஸ்டா ரீஸ் உடனே வெட்டத் தொடங்குவதில்லை. விரல்களை உள்ளே விட்டு மெதுவாகக் கோதிப் பார்ப்பார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, "என்ன கோலம் இது? யாரு கையில குடுத்தே தலைய?" என்று அதட்டுவார். பிறகுதான் கத்தரியை எடுப்பார்.

கார்மார்த்தன் ஊர்ச் சந்தைக்குப் பின்னால் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்தவர். கடையை விட்டபிறகும் நீல ஏப்ரனை விடவில்லை. அதன் பையில் சீப்பும் கொண்டை ஊசிகளும் கிடக்கும். சுவரில் கொடி சரிந்தால் ஒரு கிளிப்பைப் போட்டுத் தூக்கி நிறுத்துவார். அடர்ந்துபோன செடியைத் தோண்டியெடுத்து, வகிடு பார்த்து, பழைய ரொட்டிக் கத்தியால் அறுப்பார். கிழடான நடுப்பகுதி குப்பைக்குப் போகும், ஓரத்து இளசுகள் மறுபடி மண்ணுக்குப் போகும். டாஃபடில் பூக்கிழங்குகளைக் கைநிறைய அள்ளித் தோளுக்குப் பின்னால் வீசுவார். எங்கே விழுகிறதோ அங்கேதான் குழி. "வரிசையா நட்டா ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி மொறச்சுக்கிட்டு நிக்கும்" என்பது அவர் கட்சி.

விசித்திரம் என்னவென்றால், அந்தத் தோட்டம் இப்போது அவருடையதில்லை. கூரை ஒழுகத் தொடங்கியதும் வீட்டை விற்றுவிட்டு, ஊரின் மறுகோடியில் மாடி ஃபிளாட் ஒன்றுக்குப் போய்விட்டார். வாங்கியவள் கேரிஸ், மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ். சாவியைக் கொடுக்கும்போது, "செப்டம்பர்ல மட்டும் வந்து கொஞ்சம் கை வச்சிட்டுப் போகட்டுமா கண்ணு?" என்று நெஸ்டா கேட்டாராம். பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, இவளும் பேச்சுக்குத் "தாராளமா" என்றிருக்கிறாள். செப்டம்பர் பிறந்ததும் அவர் மண்வாரியோடு பேருந்திலிருந்து இறங்கி வந்து நின்றார்.

நான் அடுத்த வீடு. வேலிக்கு மேலாக ஒருமுறை கேட்டேன்: "ஜூன்ல வந்தா பூவெல்லாம் பார்க்கலாமே. எல்லாம் முடிஞ்சப்புறம் வர்றீங்களே?"

"பூ இருக்கறப்ப நான் எதுக்கு? கல்யாணத்தன்னிக்கு எந்தப் பொண்ணும் அழகாத்தான் இருப்பா. மறுநாள் அந்தக் கொண்டையப் பிரிக்க முடியாம உக்காந்திருப்பா பாரு, அப்பதான் என்னத் தேடுவா."

இந்த வருடம் வந்தவர் பக்கவாசல் கதவைத் திறந்ததும் நின்றுவிட்டார். புல்வெளி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் புல். கேரிஸைக் குறை சொல்ல முடியாது. குளிர்காலத்தில் அவள் ப்ரின் என்றொரு நாய்க்குட்டி வாங்கியிருந்தாள். விடிய விடிய வேலை பார்த்துவிட்டு வந்தால் வீடெங்கும் சேற்றுக் காலடி. மே மாதம் ஆளைக் கூப்பிட்டு விரித்துவிட்டாள். ஓரத்துச் செடிகளை மட்டும் தொடவில்லை.

நெஸ்டா குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "விக்குதான். ஆனா நல்ல விக்கு."

"உங்களுக்குச் சொல்லணும்னு நெனச்சேன்..." என்றாள் கேரிஸ்.

"உன் வீடு கண்ணு. எனக்கு எதுக்குச் சொல்லணும்?" குரல் என்னவோ சாதாரணமாகத்தான் இருந்தது. கையை மட்டும் அவர் எடுக்கவில்லை.

பச்சை விரிப்பின் நடுவே அங்கங்கே முட்டிபோல் புடைத்திருந்தது. "விரிச்சவரு வந்து பார்த்தாரு. ஏதோ களையாம், மருந்து ஊத்தறேன்னாரு" என்றாள் கேரிஸ்.

நெஸ்டா மண்டியிட்டு, ஓரத்தை நெம்பி, தோள்வரை கையை உள்ளே விட்டார். வெளியே வந்த கையில் வெளுத்த தண்டு ஒன்று, நுனியில் நசுங்கிய ஊதா மொட்டோடு இருந்தது. நான் வேலியைத் தாண்டிப் போனேன்.

"போன வருஷம் இது காளானான்னு கேட்டியே, அதேதான்" என்றார் கேரிஸிடம். " அம்மணச் சிறுக்கின்னு பேரு. கோடையெல்லாம் உள்ள தூங்கிட்டு, இப்ப இலைகூட உடுத்தாம எழுந்து வருவாளுங்க. என் வீட்டுக்காரர் நட்டது."

கேரிஸ் அந்த மொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மருந்து வேணாம். புடைச்ச எடத்துல எல்லாம் ஓட்டை போட்டு விட்டுடுங்க, வரட்டும்" என்றாள்.

இதைவிட வேறென்ன வேண்டும் என்று நான் நினைத்தேன். நெஸ்டா கத்தரியைக்கூட எடுத்துவிட்டார். அதற்குள் ப்ரின் ஓடிவந்து அவர் கையை முகர்ந்தது. அதன் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

"இவன் எதையாவது கடிப்பானா?"

"செருப்புலேருந்து சோஃபா வரைக்கும்."

நெஸ்டா கத்தரியை மூடிப் பைக்குள் போட்டார்.

"அப்ப வேணாம். இது கிழங்கு, பூ, எல்லாமே விஷம். நாய் தின்னா பொழைக்காது. ஒண்ணு பாக்கியில்லாம எடுத்துடணும்."

"எல்லாத்தையுமா?" என்றாள் கேரிஸ்.

"எல்லாத்தையும். அவன உள்ள கட்டிட்டு வா."

மூவரும் சேர்ந்து விரிப்பைச் சுருட்டினோம். நெஸ்டா தோண்டி எடுத்தார். எடுத்த இடத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் பேன் பார்ப்பதுபோல, மண்ணை விரலால் அலசி அலசித் தேடினார். முடிந்துவிட்டது என்று கேரிஸ் சொன்னபிறகும் மறுபடி தேடி இரண்டு குட்டிக் கிழங்குகளைக் கண்டுபிடித்தார். விரிப்பை இழுத்து மூடி, நசுங்கிய பிளாஸ்டிக் இழைகளைத் தன் சீப்பால் வாரி நிமிர்த்தினார். எங்கள் இரண்டு பேரையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தார்.

கேரிஸ் பாத்திரம் கழுவும் பிளாஸ்டிக் பேசின் நிறையக் கிழங்கு. அதை நான் சுமந்துகொண்டு பேருந்து நிறுத்தம்வரை கூடப் போனேன்.

"மாடியில மண்ணுக்கு எங்க போவீங்க?"

"இவளுங்களுக்கு மண்ணும் வேணாம், தண்ணியும் வேணாம். ஜன்னல்ல சும்மா வச்சாலே பூத்துடுவாளுங்க. இந்த வருஷத்துக்கு."

"அடுத்த வருஷம்?"

சாலையைப் பார்த்தார். பின்னால் கேரிஸ் வாசலுக்கு ஓடிவந்து, "அடுத்த செப்டம்பர் வருவீங்கல்ல?" என்று கூவினாள்.

"லாவெண்டர யாரு பாத்துக்குவா, நீயா?" என்று இவரும் கூவினார்.

பேருந்து வந்தது. ஏறியவர் பேசினை மடியில் வைத்துக்கொள்ளவில்லை. ஜன்னலோர இருக்கையில் அதை வைத்து, ஊதா மொட்டுகள் வெளியே பார்க்கும்படி திருப்பிவிட்டு, பக்கத்து இருக்கையில் தான் உட்கார்ந்துகொண்டார்.