ஒரு வேட்டுக்குக் கயிறு

வலது கை போனதில் என்ஸியோ ரவுட்டியோவுக்கு லாரி போனது. லாரி போனதில் வேலை போனது. அதற்கெல்லாம் மனிதர் அழவில்லை. மான் வேட்டையும் போய்விட்டது என்று புரிந்த அன்றுதான் சானா என்ற நீராவிக் குளியலறையில் தனியாக உட்கார்ந்து அழுதார். அந்த ஆவிக்குள் எல்லோர் முகமும் நனைந்துதான் இருக்கும், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

முப்பத்தொரு வருஷம் பராகா காடுகளிலிருந்து காகித ஆலைக்கு மரம் ஏற்றிப் போனவர். ஒரு மார்ச் மாதக் காலையில், பாரத்தை இறுக்கும் சங்கிலியின் நெம்புகோல் நழுவித் திருப்பி அடித்தது. சுண்டுவிரலும் மோதிர விரலும் அங்கேயே போயின. மணிக்கட்டைத் தகடு வைத்துச் சேர்த்தார்கள். கை பிடிக்கும், விரல் மடங்கும், ஆனால் மணிக்கட்டு திரும்பாது. ஊறுகாய் ஜாடியின் மூடியைக்கூட அவரால் திறக்க முடியவில்லை. குளிர் ஏறிவிட்டால், மடங்கிய விரல் நிமிரவும் மறுத்துவிடும்.

அவருடைய பழைய துப்பாக்கி தாழ்ப்பாள் வைத்தது. ஒன்று சுட்டதும் தாழைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே அமுக்கினால்தான் அடுத்த தோட்டா உள்ளே போகும். நல்ல கைக்கு அது கண்ணிமைக்கும் வேலை. போன நவம்பரில் இவர் சுட்ட குண்டு ஒரு கலைமானின் வயிற்றில் பட்டது. துப்பாக்கியை மடியில் கிடத்தி, இடது கையால் தாழோடு மல்லுக்கட்டி நிமிர்ந்தபோது மான் இல்லை. மகள் டூலாவும் அவரும் இரண்டு நாள் ரத்தத் துளிகளைத் தேடி நடந்தார்கள். அப்புறம் பனி விழுந்து மூடிவிட்டது.

வயிற்றில் குண்டோடு ஒரு ஜீவன் எங்கேயோ கிடந்து செத்தது. இந்தப் பக்கத்து ஆட்கள் அதை லேசில் மன்னிக்கமாட்டார்கள். ஊர் மன்னித்தாலும் தன்னைத் தானே மன்னிக்க வழியில்லை. இரண்டாவது குண்டு போட முடியாதவன் முதல் குண்டையும் போடக் கூடாது என்று என்ஸியோ பழைய துப்பாக்கிக்கு எண்ணெய் பூசி உறையில் போட்டுவிட்டார்.

அதன்பிறகு சமையலறை நாற்காலிதான் அவருக்குக் கதி. ஜன்னல் வழியே மற்றவர்களின் லாரி போவதைப் பார்ப்பார், ஆறிய காப்பியைக் குடிப்பார். மனைவி ஆர்லீன் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை முடித்து வந்து துடைப்பத்தை எடுப்பாள்.

"காலைத் தூக்கு. தூக்கலேன்னா உன்னையும் சேர்த்துப் பெருக்கிக் குப்பையில போட்டுருவேன்."

முன்பெல்லாம் இதற்கு இவர் ஒன்று, அவள் இரண்டு என்று வாய் நீளும். இப்போது பேசாமல் காலைத் தூக்கினார். அதுதான் ஆர்லீனைப் பயமுறுத்தியது. அவள் மகளிடம் சொன்னாள். பள்ளிப் பேருந்து ஓட்டும் டூலா, அக்டோபரில் ஒரு சனிக்கிழமை வந்து அப்பாவின் கோட்டைத் தூக்கி மடியில் எறிந்தாள்.

"எழுந்திரு. பெர்னடீன் கடைக்குப் போறோம். தானா தோட்டா ஏத்திக்கிற துப்பாக்கி வாங்குறோம்."

"அந்தக் கண்றாவியா? குறி தெரியாதவன் படபடன்னு சுடறதுக்குச் செஞ்சது அது."

"குறி தெரிஞ்சவன் நாற்காலியில உட்கார்ந்து என்ன சாதிச்சே?"

அவருக்குச் சுருக்கென்றது. கோட்டை மாட்டிக்கொண்டார்.

துப்பாக்கிக் கடைக்காரி பெர்னடீன் அவரோடு பள்ளியில் படித்தவள். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாலிருந்தே அவர் கையைப் பார்த்துவிட்டு, தூண்டில் புழு டப்பாவைத் தள்ளி இடம் பண்ணினாள்.

"இடது கைக்காரனுக்குன்னே தாழ் வெச்சது இருக்கே, என்ஸியோ?"

"அந்தத் தோள்ல வெச்சுக் குறி பாக்க முடியாது, இடது கண்ணு சின்ன வயசுலேர்ந்தே மங்கல். உனக்குத்தான் தெரியுமே."

"தெரியும், தெரியும். அதனாலதான் எங்கிட்ட கல்யாணம் கேக்காமப் போனே." சொல்லிக்கொண்டே மூன்று துப்பாக்கிகளை எடுத்து வைத்தாள்.

முதலாவது கறுப்பாக, இறகு போல இருந்தது. குண்டு சின்னது. "காகிதக் குறியைச் சுட இதைவிடச் சுகமானது இல்ல. தோட்டாவும் மலிவு. மான் விழும், ஆனா ரொம்பப் பொறுமையா, சரியான இடத்துல போடணும்" என்றாள். போன வருஷத்து மானின் வயிறு நினைவுக்கு வந்து, என்ஸியோ அதைத் தொடவே இல்லை. இரண்டாவது தடியன். தூக்கிப் பிடித்துப் பத்து எண்ணுவதற்குள் மணிக்கட்டு நடுங்கி, குழல் தரையைப் பார்த்தது. மூன்றாவதற்கு மரத்தில் செய்த பின்கட்டை. மானுக்குப் போதுமான குண்டு, தோளில் உதையும் மிதம்.

"உதைக்கிற வேகத்துல கொஞ்சத்த அதுவே எடுத்துக்கிட்டு அடுத்த தோட்டாவை ஏத்திக்கும்" என்றாள். "நீ செய்யவேண்டியது விரலை மடக்கறது மட்டும்தான். முதல் தோட்டாவுக்கு மட்டும் மடியில வெச்சு இடது கையால இழுத்துக்கோ. வேட்டைக்குப் போகும்போது சட்டப்படி மொத்தம் ஆறு, மறந்துடாதே. அடியில மாட்டுற பெட்டியில அஞ்சு, குழலுக்குள்ளே ஒண்ணு."

"ஆறு எதுக்கு? எனக்கு ரெண்டு போதும்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க" என்றாள் பெர்னடீன். அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

மூன்றாவதை வாங்கி, சுட்டுப் பழக மறுநாளே மணல் குழிக்குப் போனார்கள். நூறு கஜத்தில் டூலா காகிதத் தட்டுகளை ஆணியடித்தாள். தட்டுக்குள் விழுந்தால் மானுக்குள் விழும் என்பது இங்கே எல்லோருடைய கணக்கு. முதல் குண்டு தட்டின் ஓரத்தில். தானாகவே அடுத்தது ஏறிய சத்தம் கேட்டதும் என்ஸியோவின் முகம் மலர்ந்தது. இரண்டு. மூன்று. நடுவில் இரண்டு ஓட்டை. ஒன்றரை வருஷமாகக் காணாமல்போன சிரிப்பு வந்தது.

"பார்த்தியா! கை இருக்குடி எனக்கு!"

"இருக்கு, இருக்கு. காது அடைக்குது. மெதுவாத்தான் சுடேன்பா."

மெதுவாகச் சுட அவருக்கு மனம் வரவில்லை. அன்று எண்பது தோட்டா தீர்ந்தது. வீட்டுக்கு வந்து ஆர்லீனோடு வாய்ச்சண்டை போட்டார். அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

நவம்பர் பதினைந்து. மான் வேட்டை தொடங்குவதால் பள்ளிக்கூடமே விடுமுறை விட்டுவிடும் நாள். விடியும் முன்பே அப்பாவும் மகளும் இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டியைச் சட்டைக்குள் சூட்டுக்கு வைத்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தார்கள். அவர் பதுங்கி உட்காரும் மறைப்புக்கும் அவளுடையதற்கும் நடுவே அரை மைல் சதுப்பு. அங்கே தொலைபேசிக்கு வேலையில்லை. பிரியும் இடத்தில், ஒவ்வொரு வருஷமும் சொல்வதை டூலா சொன்னாள்.

"ஒரு வேட்டுன்னா?"

"மான் விழுந்துச்சு. அவசரமில்லாம, இழுக்கக் கயிறு எடுத்துட்டு வா."

"மூணு வேட்டுன்னா?"

"ஆபத்து. எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வா. போடி, எங்கப்பா வெச்ச சட்டத்தை எனக்கே படிக்கிறா."

அவருடைய அப்பா மரத்திலிருந்து விழுந்து தொடை உடைந்து பனியில் கிடந்தவர். மூன்று வேட்டுப் போட்டுத்தான் பிழைத்தார். அன்றிலிருந்து ரவுட்டியோ வீட்டில் யாரும் மானைப் பார்த்து மூன்று தடவை சுட்டதில்லை. சுடவும் முடியாது. தாழைத் தூக்கி இழுப்பதற்குள் மான் அடுத்த ஊருக்குப் போயிருக்கும்.

எட்டு மணிக்கு, சரிவின் மேலே கலைமான் வந்து நின்றது. என்ஸியோ மூச்சைப் பாதி விட்டு, விரலை மடக்கினார். மான் முதுகைக் கூனிக்கொண்டு ஒரு துள்ளு துள்ளியது; சதுப்புப் புதரை நோக்கிப் பாய்ந்தது. போகிறது. போன வருஷம் போலவே போகிறது. ஐயோ, இந்தத் தடவை விடக்கூடாது என்று நெஞ்சு கத்தியது. விரல் மடங்கியது. மறுபடி மடங்கியது. புதர் மானை விழுங்கிவிட்டது.

காதுக்குள் வண்டு நுழைந்த மாதிரி ரீங்காரம். வேறொன்றும் கேட்கவில்லை. பட்டதா, எங்கே பட்டது என்று தெரியாமல் என்ஸியோ துடித்தார். சுட்டபின் அரை மணி காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடிபட்ட மான் எழுந்து ஓடும். அது எழுந்தால் விடுவதில்லை என்று குழலைப் புதர்மேல் வைத்து, விசையில் விரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். இளம் வயதில் இப்படி ஒருவன் உட்கார்ந்திருந்தால் அவரே செவிட்டில் அறைந்திருப்பார். எத்தனை சுட்டோம் என்பது ஒரு தடவைகூட அவருக்கு உறைக்கவில்லை.

பத்து நிமிஷம் கழித்துப் புதர் அசைந்தது.

பழுப்பாக ஒன்று. தாழ்ந்து, முட்டிமோதிக்கொண்டு, நேரே வருகிறது. எழுந்துவிட்டது! துப்பாக்கியின் குறிக்கண்ணாடிக்குள் பழுப்பு நிறைந்தது. விரல் இறுகத் தொடங்கியது. அப்போது ஒரு கிளை விலகியது. அதை விலக்கியது ஒரு கை.

மானுக்குக் கை கிடையாது.

விரலை எடு என்று அவர் உடம்பு முழுக்கக் கத்தியது. குளிரில் விறைத்த விரல் நிமிரவில்லை. விசையைக் கவ்விக்கொண்டு இன்னும் மடங்கிக்கொண்டே போனது. இடது கையால் குழலை வானத்துக்குத் தள்ளினார். அந்தக் கணத்திலேயே நாலாவது வெடித்தது.

பழுப்பு தரையில் விழுந்தது.

என்ஸியோ ஓடவில்லை. தவழ்ந்தார். "டூலா" என்று கத்தினாரா, நினைத்தாரா என்று அவருக்கே தெரியாது. முப்பது அடி தூரம் அவருடைய ஆயுசைவிட நீளமாக இருந்தது. சேற்றிலிருந்து ஒரு தலை நிமிர்ந்தது.

"யாரைச் சுடறே நீ?" பல் கிடுகிடுக்கக் கேட்டாள். "அப்பா, யாரைச் சுடறே?"

மற்ற வேட்டைக்காரர் கண்ணில் படுவதற்காகப் போடும் ஆரஞ்சுத் தொப்பி கிளையில் மாட்டிக்கொண்டது. ஆரஞ்சுக் கோட்டோடு சதுப்பில் ஓட முடியாமல் வழியிலேயே கழற்றி எறிந்திருந்தாள். உள்ளே அம்மா பின்னிய பழுப்புக் கம்பளிச் சட்டை. வழி நெடுகக் கத்திக்கொண்டே வந்திருக்கிறாள்.

"மூணு வேட்டு கேட்டுச்சு. நீ செத்துட்டேன்னு நெனச்சு ஓடி வந்தேன்."

அப்போதுதான் அவர் எண்ணிப் பார்த்தார். விசையைவிட்டு இன்னும் நிமிராத விரலை டூலா ஒவ்வொரு கணுவாக விடுவித்தாள். தோட்டாப் பெட்டியைக் கழற்றி, உள்ளே இருந்த ஐந்தாவதையும் வெளியே எடுத்தாள். அப்புறம் இரண்டு பேரும் சேற்றிலேயே உட்கார்ந்து, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

மான் புதருக்குள் நாற்பது அடியில் செத்துக் கிடந்தது. தோளுக்குப் பின்னால், தட்டில் விழுவது போல ஒரே ஒரு ஓட்டை. முதல் குண்டு. மற்ற இரண்டும் எங்கே போயின என்று கடைசிவரை தெரியவில்லை.

அடுத்த வாரம் அவர் துப்பாக்கியைப் பெர்னடீனிடம் கொண்டுபோய் வைத்தார்.

"ஏன், கோளாறா?"

"கோளாறே இல்ல. சொன்னபடியெல்லாம் செஞ்சுச்சு."

"அப்புறம் என்னய்யா?"

"தாழை இழுக்கிற நேரம் வீண்னு நெனச்சேன், பெர்னடீன். நான் யோசிக்கிறதே அந்த நேரத்துலதான் போலிருக்கு." கையைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வெளியேறினார்.

மறு வருஷம் வேட்டைக்கு வரச்சொல்லி டூலா கெஞ்சிப் பார்த்தாள். விசைக்குப் பூட்டைப் போட்டுப் பழகலாம், ஒரே தோட்டா ஏற்றலாம் என்றாள். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். பதினைந்தாம் தேதி காலையில் அவள் தனியாகக் காட்டுக்குப் போனாள். என்ஸியோ அதே சமையலறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், வாசலுக்கு வெளியே பனியில் போட்டு உட்கார்ந்தார். ஆர்லீன் போர்வை கொண்டுவந்து போட்டாள்.

ஒன்பது மணிக்குச் சதுப்புப் பக்கமிருந்து ஒரு வேட்டு.

இரண்டாவது வருமா? மூன்றாவது வருமா? நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். அறுபதுவரை எண்ணினார். பிறகு நூறுவரை. காடு வாயைத் திறக்கவில்லை.

"ஒண்ணுதான்" என்றாள் உள்ளேயிருந்து ஆர்லீன். அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

என்ஸியோ எழுந்தார். ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்து, இடது தோளில் மாட்டிக்கொண்டு காட்டைப் பார்த்து நடந்தார்.