மெஷினுக்குப் போன செண்டுமல்லி

போன மாதம் எட்டு செண்டுமல்லி மாலைகளுக்கு கேட் பாஸ் வாங்கினேன். சத்தியமாகத்தான் சொல்கிறேன்.

கோவையில் இருக்கும் என் நாத்தனாரிடம், "நான் வளர்த்த பூவுலயே சாயம் காய்ச்சி, உன்ற மக நிச்சயத்துக்கு மஞ்சப் பட்டு தர்றேன்" என்று ஆறு மாதமாக அளந்துகொண்டிருந்தேன். குன்னூரில் எங்கள் வாசலில் இருபது தொட்டி செண்டுமல்லி. காட்டுமாடு மேய்ந்துவிடுமே என்று தினமும் சாயங்காலம் அத்தனையையும் ஹாலுக்குள் தூக்கி வைப்பேன். விருந்தாளிகள் நின்றுகொண்டே டீ குடித்தார்கள்.

ஆயுதபூஜை அன்று காலையில் பார்த்தால்... தொட்டிகளில் இலை மட்டும்தான்.

"ஏனுங்க, பூவெல்லாம் எங்கீங்க?"

கணவர் டீ ஃபேக்டரியில் கிளார்க். பூஜை கமிட்டியிலும் இருக்கிறார். "மெஷினுக்கு மாலை கட்டக் குடுத்துட்டேன். சாமி காரியம்தானே" என்றார், பல் தேய்த்தபடி.

நிச்சயத்துக்கு இன்னும் மூன்றே நாள்! நேராக ஃபேக்டரிக்குப் போனேன். தேயிலை உருட்டும் மெஷின்களுக்குக் கழுத்து நிறைய என் பூ. கற்பூரம் காட்டி முடித்ததும் கழற்றிப் பையில் திணித்தேன். சாமி மன்னிக்கும்... நாத்தனார் மன்னிப்பாரா?

கேட்டில் வாட்ச்மேன் பையைப் பிரித்தார். "மெஷின்ல இருந்து எதைக் கழட்டுனாலும் பாஸ் வேணுங்க அக்கா."

"இது என்ற ஊட்டுப் பூங்க."

"உள்ள வந்தப்ப என்ட்ரி போட்டீங்களா? இல்லீங்களே. அப்ப ஃபேக்டரி பூதானுங்க."

கடைசியில் என் கணவரே பாஸ் எழுதினார்: 'பழைய மாலை – எட்டு. திருப்பித் தர வேண்டியதில்லை.' சீல் வேறு வைத்தார்.

வீட்டுக்கு வந்து, படிகாரம் போட்டுப் பூவைக் கொதிக்கவிட்டு, வெள்ளைப் பட்டுப் புடவையை முக்கினேன். எடுத்தால் மஞ்சளைக் காணோம். நல்ல ஸ்ட்ராங் டீ கலர்! மாலை முழுக்க மெஷினிலிருந்த டீத்தூள். அவசரத்தில் உதறாமல் அப்படியே போட்டிருக்கிறேன். அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

வேறு வழி? அதையே கொண்டுபோய் நீட்டினேன்.

நாத்தனார் புடவையைத் தடவித் தடவிப் பார்த்தார். "அண்ணி, கடை கடையா ஏறி எறங்குனாலும் இந்தக் கலர் கெடைக்காதுங்க. என்ன பூ இது?"

ஆறு மாதம் நான் அளந்ததை எல்லாம் நம்பியவர் ஆயிற்றே. மனசு கேட்கவில்லை. உண்மையைச் சொன்னேன்.

"டீத்தூள்."

"சொல்ல மனசில்லீன்னா உடுங்க அண்ணி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்றுவரை பேச்சு இல்லை.

உண்மைக்கும் ஒரு கேட் பாஸ் வாங்கியிருக்க வேண்டும் போல!