செத்த அம்மா சிரித்த படம்

காலத்தைக் கலைத்துப் போட்டுக் கதை சொன்ன முதல் தமிழ்ப்படம் எது என்று யாராவது கேட்டால், பத்துப் பன்னிரண்டு வருடம் நான் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். படத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. டைரக்டர் பாவம், நடந்ததற்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அந்தப் படத்தில் கதாநாயகனின் அம்மா செத்துப்போகிறாள். பிள்ளை கொள்ளி வைக்கிறான், சிதை எரிகிறது. அடுத்த காட்சியில் அதே அம்மா அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டே சிரிக்கிறாள். திரை தண்ணீர்போலக் கலங்கவில்லை, பழைய நினைவு என்று யாரும் அறிவிக்கவில்லை. பிள்ளை தட்டை நீட்டி இன்னொன்று கேட்கிறான். அவள் சாகப்போவது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. தொண்ணூறுகளின் நடுவில், புதுப்பட்டினம் டென்ட் கொட்டாயில், பதினைந்து வயதில் அதைப் பார்த்துவிட்டு நான் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் நண்பனின் தோளைப் பிடித்து உலுக்கி, "இன்னா டைரக்டருடா!" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

நான் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவன். அப்பா அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். நண்பன் புதுப்பட்டினத்துக்காரன், அவன் அப்பா கடலுக்குப் போகிறவர். பள்ளிக்கூடமும் வேறு, தெருவும் வேறு. எங்களைச் சேர்த்து வைத்தது அந்தக் கொட்டாய்தான். அவனுடைய சித்தப்பா அங்கே ஆபரேட்டர். ஒரே புரொஜெக்டர் என்பதால் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்த ரீலை மாட்டுவார்கள். அந்த நேரத்தில் அவன் எழுந்து கேபினுக்குப் போய்ச் சித்தப்பாவைப் பார்த்துவிட்டு வருவான். எனக்கு அது பெரிய பதவியாகத் தெரிந்தது. ஊருக்கு வெள்ளிக்கிழமை படப்பெட்டி வருகிறதா இல்லையா என்பதை முதலில் தெரிந்துகொள்பவன் அவன்தான். "மச்சான், பொட்டி வந்துட்ச்சி" என்று சைக்கிளில் குவார்ட்டர்ஸ் வாசல்வரை வந்து சொல்லிவிட்டுப் போவான். என் அம்மாவுக்கு அந்த 'மச்சான்' பிடிக்காது. எனக்கு அதைவிடப் பிடித்த சொல் அப்போது வேறில்லை.

இரண்டு வருடம் கழித்து மாமல்லபுரத்தில் ஒரு படப்பிடிப்பு நடந்தது. கடற்கரைப் பாட்டு. பின்னால் நிற்க மீனவ முகங்கள் வேண்டும் என்று ஏஜென்ட் ஒருவர் புதுப்பட்டினத்துக்கே வந்து பத்துப் பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போனார். அவனும் போனான். திரும்பி வந்து மூன்று நாள் அதையே பேசினான். கட்டியிருந்த கைலியை அவிழ்க்கச் சொல்லிப் புதுக் கைலி கொடுத்தார்களாம். தோளில் போட ஒரு வலை கொடுத்தார்களாம். "அது மீன் வலையே இல்ல மச்சான், கோழிக்கூண்டுக்குக் கட்டுவாங்களே, அது. எங்கப்பா பாத்தா செருப்பால அடிப்பாரு." கேமராவைப் பார்க்கக் கூடாது என்று அஞ்சாறு தடவை சொன்னார்களாம். "நீ பாத்தியா?" என்று கேட்டேன். "ச்சே ச்சே" என்றான்.

படம் செங்கல்பட்டில் ஒரு வாரம் ஓடியது, எங்கள் கொட்டாய்க்கு வரவே இல்லை. அடுத்த பொங்கலுக்கு டிவியில் போட்டார்கள். அவர்கள் வீட்டில் டிவி கிடையாது. எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். அவன் எண்ணெய் வைத்துத் தலை வாரி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு மதியமே வந்துவிட்டான். ஹாலில் என் டவுன்ஷிப் நண்பர்கள் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு இவனைத் தெரியாது.

கொட்டாயில் இருட்டு ஒரு பெரிய மரியாதை. பக்கத்தில் இருப்பவன் அழுதால் தெரியாது, அசட்டுத்தனமாக வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாலும் தெரியாது. டிவியை நாங்கள் பட்டப்பகலில் டியூப்லைட்டையும் போட்டுக்கொண்டுதான் பார்த்தோம். திரையைவிடப் பார்ப்பவனின் முகம்தான் பளிச்சென்று தெரியும். பாட்டு வந்தது. ஒரு விளம்பரம் முடிந்து இரண்டாவது சரணத்தில் அவன் எழுந்து நின்று, "தோ, நானு!" என்றான். மூன்று விநாடி இருக்கலாம். திரையில் அவன் நேராகக் கேமராவைப் பார்த்தான். பார்த்தது தப்பு என்று ஞாபகம் வந்ததும், சுளுக்குப் பிடித்த கோழி மாதிரி கழுத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டான். அவ்வளவுதான், கதாநாயகி வந்துவிட்டாள்.

யாரோ ஒருவன் எழுந்து அந்தத் தலைத் திருப்பலைச் செய்து காட்டினான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவனும் கொஞ்சம் சிரித்தான். படம் முடியும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அதற்கப்புறம் பெட்டி வந்த செய்தி எனக்கு வரவில்லை. சந்தையில் ஒரு தடவை எதிரில் வந்தான். நான் கூப்பிட வாயெடுப்பதற்குள் மீன் கூடைகளுக்கு நடுவே புகுந்து போய்விட்டான். போய்ப் பேசியிருக்கலாம். நான் கல்லூரிக்குப் போனேன், வேலைக்குப் போனேன், செங்கல்பட்டில் வீடு பார்த்துக் குடிவந்தேன். அவன் நினைவு அடிக்கடி வரும். உடனே வேறெதையாவது நினைத்துக்கொள்வேன்.

இரண்டாயிரங்களில் இணையம் வந்து என்னை மாதிரி ஆட்களுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தது. பழைய தமிழ்ப்படங்களுக்கென்று ஒரு சமூக வலைத்தளத்தில் குழுமம் இருந்தது. நான் அங்கே ஒரு புனைபெயரில் பெரிய மனிதன். லைட்டிங் என்பேன், பின்னணி இசை என்பேன், கேமராவைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அங்கேதான் செத்த அம்மா சிரித்த படத்தைப் பற்றி, பதினைந்து வயதில் பார்த்து அழுத கதையோடு, நீளமாக ஒரு கட்டுரை எழுதினேன். உலக சினிமாவுக்கே நாம்தான் முன்னோடி என்கிற ரேஞ்சில்.

முதல் பின்னூட்டம் மரியாதையாக இருந்தது. "சார், நீங்கள் எந்தப் படத்தைச் சொல்கிறீர்கள்?" இரண்டாவது ஆள் விசிடி வைத்திருந்தார். அப்படி ஒரு காட்சி வரிசையே இல்லை, அம்மா ஒழுங்காகத் தோசை சுட்டுவிட்டு அப்புறம்தான் சாகிறாள் என்றார். பிறகு திருவிழா ஆரம்பித்தது. எங்கள் வீட்டிலும் செத்துப்போன மாமா காலையில் பேப்பர் படிக்கிறார், இது என்ன திரைக்கதை உத்தி என்று ஒருவர் கேட்டார். கட்டுரையாளருக்கு முதலில் கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார் இன்னொருவர். ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு படிக்கப் படிக்க எனக்குக் காது சுட்டது. இத்தனை வருடம் என்னை சார் என்று கூப்பிட்டவர்கள்.

மறுநாள் மதியம் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து ஒரு பின்னூட்டம் வந்தது. "அவரு சொல்றது கரெக்டு. நானும் அப்டித்தான் பாத்தேன். புதுப்பட்டினம் கொட்டாயில. எங்க ஊருக்கு வந்த பிரிண்டு வேற." முகப்புப் படத்தில் ஆள் இல்லை, கரையேற்றிய ஒரு படகு இருந்தது. யார் என்று பெயரைப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. கூட்டம் இப்போது எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஓட்டியது. அவன் அசரவில்லை. மூன்று நாள் தனியாக நின்று, பிரிண்டு வேற, பிரிண்டு வேற என்று ஒவ்வொருவருக்கும் பதில் போட்டுக்கொண்டிருந்தான்.

நான் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் அந்த விசிடியை வாங்கிப் பார்த்தேன். விசிடிக்காரர் சொன்னதுதான் சரி. தோசை முதலில், சாவு பிறகு. சாதாரண படம். என்ன நடந்திருக்கும் என்று அரை மணி நேரம் யோசித்ததும் புரிந்தது. ஆறாவது ரீலை முன்னால் ஓட்டிவிட்டு ஐந்தாவதைப் பின்னால் ஓட்டியிருக்கிறார் அவன் சித்தப்பா. நான் கொண்டாடிய டைரக்டர் அவர்தான்.

சனிக்கிழமை புதுப்பட்டினம் போனேன். ஸ்டாஃப் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் அவன் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. ஒரு ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினான்.

"ரீல் மாறிட்ச்சின்னு உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"அன்னிக்கே தெரியும். கேபினுக்குப் போனா சித்தப்பா தலைல கைய வெச்சிகினு குந்திகினு கீறாரு. ஓனருக்குத் தெரிஞ்சா வேல பூடும், வாயத் தொறக்காதன்னாரு. வந்து பாத்தா நீ அழுதுகினு கீற. உன்கிட்ட இன்னான்னு சொல்றது?"

"தெரிஞ்சே ஏன்டா அங்க போயி பொய் எழுதின?"

"பின்ன? அத்தினி பேரு உன்ன ஒர்த்தன நிக்க வெச்சி கலாய்ச்சிகினு கீறானுங்க. பாத்துகினு குந்திகினு இருக்க சொல்றியா?"

அதை அவன் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதனால்தான் நன்றாகக் குத்தியது. நான் பக்கத்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ரீல் மாறிய கதையை எழுதி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்றேன். அவன் கையை நீட்டி மானிட்டரை அணைத்தான். "வோணாம். சித்தப்பா இன்னும் கீறாரு. அவரு பசங்கல்லாம் நெட்டு பாக்குதுங்க. நாம ரெண்டு பேரும் லூசாவே இருந்துட்டுப் போவோம், வுடு." இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் கேட்டேன். "அன்னிக்கு பொங்கலுக்கு, எங்க வூட்ல, எல்லாரும் சிரிச்சது..."

அவன் கீபோர்டில் இருந்த தூசியை விரலால் தள்ளிக்கொண்டே சொன்னான். "எல்லாரும் சிரிச்சது ஒண்ணும் இல்ல மச்சான். அவனுங்க யாரு எனக்கு? மொதல்ல எய்ந்து செஞ்சி காட்னது நீ."

யாரோ ஒருவன் எழுந்து செய்து காட்டினான் என்று மேலே எழுதியிருக்கிறேன். நான்தான் அது. இத்தனை வயதுக்கு அப்புறமும் அதை நேராக எழுதக் கை வரவில்லை. அந்த ஆறு பேருக்கும் அவன் யாரோ, எனக்கு மட்டும்தான் நண்பன். அவர்கள் என்னையும் அவனோடு சேர்த்துப் பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில், அவர்களுக்கு முன்னால் நான் எழுந்துகொண்டேன்.

"ஆமாம்டா, நான்தான்" என்றேன். "தப்பு. பெரிய தப்பு."

ஜெராக்ஸ் எடுக்க ஒருவர் வந்தார். அவன் எழுந்து போய் இரண்டு பக்கமும் எடுத்துக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தான். மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தான்.

"கடசியா இன்னா படம் பாத்த?" என்றான்.

சொல்ல ஆரம்பித்தேன்.