பழைய வெள்ளைக் காசு

கிள்ளான் ரயில் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, அதில் இரண்டு சட்டைகள். எட்டு மாதம் தங்கியிருந்த அறையின் சாவியை ஆன்டியின் மேசைமேல் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

ஆன்டி, பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளியில் சேர்க்கப்படாத பிள்ளைகளுக்குக் கடைவீட்டு மாடியில் இலவச வகுப்பு நடத்துபவர். எனக்குப் படுக்க இடம் தந்தார். பதிலுக்கு நான் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். நானே இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தை முடிக்காதவன்.

அந்தப் பிள்ளைகளில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. அவள் அம்மா காலையில் சாலையோரம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், விற்பவர். "காசு எண்ணத் தெரிஞ்சா எனக்கு உதவி. இல்லன்னா வகுப்பு வேணாம் சார், வீட்டுல தம்பியப் பாத்துக்கட்டும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஆன்டியிடம் ஒரு பிஸ்கட் டின் நிறையச் சில்லறை இருந்தது. எல்லாம் பழைய வெள்ளைக் காசு. பிள்ளைகளுக்கு எண் படிக்க வராது என்பதால் அளவை வைத்துப் பழக்கினேன். ஆகச் சின்னது ஐந்து, பிறகு பத்து, இருபது, ஆகப் பெரியது ஐம்பது. நான் கற்றதும் அப்படித்தான். இரண்டே வாரத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவியே சொன்னாள். அம்மா அவளைச் சில்லறை டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

டப்பாவில் இருந்ததோ புது மஞ்சள் காசு. புது ஐம்பது, பழைய இருபது அளவுதான், அதைவிடவும் கொஞ்சம் சின்னது. தினமும் என் கையில் புரளும் காசுதான். வகுப்பில் அது எனக்குத் தோன்றவேயில்லை.

பொட்டலம் ஒரு வெள்ளி எண்பது காசு; வெள்ளிக்கு நூறு காசு. இரண்டு வெள்ளி நீட்டியவர்களுக்கெல்லாம் மீதி இருபது என்று ஐம்பதை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு வாரம். வாங்கிய ஒருவரும் வாய் திறக்கவில்லை.

விஷயம் தெரிந்து, நான் கிளம்பிய அன்று காலை அவர்கள் கடைக்குப் போனேன்.

"சார் சம்பளம் வாங்காம வேல செய்றவரு. எங்களையும் அப்படியே பழக்கிட்டாரு லா" என்றார் அம்மா. சிரிக்கவில்லை.

"திரும்பச் சொல்லிக் குடுக்கிறேன்க்கா."

"போதும் சார். பொட்டலத்துக்கு முப்பது காசு போச்சு. அதுதான் என் லாபமே. நாளையிலருந்து தம்பியப் பாத்துக்கட்டும்."

சிறுமி இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கன்னம் சிவந்திருந்தது.

"சார், ஆன்டி டின்ல இருந்த அந்தப் பெரிய காசு இப்பச் செல்லாதா?"

"செல்லும்."

"அப்ப நான் சொன்னது சரிதானே?"

அம்மா அடுத்த ஆளுக்கு மிளகாய்ச் சம்பல் அள்ளினார். நான் மாடிக்குத் திரும்பிப் பையை எடுத்தேன்.

மறுநாள் காலை செலாயாங் பாசார் சந்தையில் வேலை கிடைத்தது. கழிப்பறை வாசலில் மேசை போட்டு, ஆளுக்கு முப்பது காசு வாங்க வேண்டும்.

"சில்லறை எண்ணத் தெரியுமா, அண்ணே?" என்று கேட்டார் குத்தகைக்காரர்.

தெரியும் என்றேன். முதலில் வந்தவர் மஞ்சள் காசு ஒன்றைப் போட்டார். திருப்பி எண்ணைப் பார்த்தேன். ஐம்பது. டப்பாவில் தேடி, எண்ணைப் பார்த்தே ஓர் இருபதை எடுத்துக் கொடுத்தேன்.