என் சாப்பாட்டு மேசையில் ஒரு மாட்டுக்கொட்டகை

என் வீட்டுக்காரர் பல்செட் செய்கிறவர். முப்பது வருஷமாக ஊராரின் பொக்கை வாயை நிரப்பிக்கொண்டிருக்கிறார். வெளியே பார்த்தால் சாது, உள்ளே சரியான குசும்பு. டாக்டர் அனுப்பும் பல் அச்சைக் கையில் வாங்கியதுமே, "இந்த ஆளு பொண்டாட்டிகிட்ட எதிர்த்துப் பேசினதே இல்ல, பல்லு தேயவே இல்ல பாரு" என்பார். இப்படிப்பட்ட மனுஷனை நம்பி எட்டு மாசம் என் சாப்பாட்டு மேசையைக் கொடுத்தேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அடுத்த தெருவில் ஒரு மாடல் சங்கம் இருக்கிறது. பழைய யுத்தக் காட்சிகளைப் பொம்மை அளவில் செய்து பலகையில் நிறுத்துகிற பெரிய மனிதர்கள் பத்துப் பேர். தலைவருக்குக் கேப்டன் என்று பட்டப்பெயர். ஆயுசு முழுக்கத் தபால் ஆபீஸில் முத்திரை குத்தியவர், துப்பாக்கியைத் தொட்டதே கிடையாது. அங்கே எல்லாருக்கும் டாங்கி செய்யத்தான் ஆசை. ஒரு சாண் நீளத்தில் விதவிதமாகச் செய்து குவித்துவிட்டார்கள். சங்கத்துக் கண்காட்சியில் அவை போய் நிற்க, ஒரு பழைய சண்டை நடந்த பண்ணை வேண்டாமா? புதிதாகச் சேர்ந்த இளிச்சவாயர் தலையில் அதைக் கட்டினார்கள். அவர்தான் என் வீட்டுக்காரர்.

மனுஷன் ரசித்து ரசித்துச் செய்தார். பல் அச்சு எடுக்கும் மாவைக் குழைத்து மாட்டுக்கொட்டகைக்குச் சுவராக்கி, அது இறுகுவதற்குள் பல் சுரண்டும் கம்பியால் ஒவ்வொரு கல்லாகக் கீறினார். கூரைக்கு ஐஸ் குச்சி. வைக்கோலுக்கு என் வாசல் கால்மிதியிலிருந்து உருவிய நார். கால்மிதி பாதி வழுக்கையான பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. பன்றிகளுக்கு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், பல்செட்டில் ஈறுக்கு வைக்கிற ரோஸ் மெழுகு. நாங்கள் இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம்.

வாரம் ஒருமுறை கேப்டன் பூதக்கண்ணாடியும் இடுக்கியுமாகச் சோதனைக்கு வருவார். கையில் அந்தச் சண்டையில் இருந்த படைப்பிரிவின் நாட்குறிப்பு, நாற்பது பக்க ஜெராக்ஸ். "இதுல இல்லாதது பலகையில கிடையாது" என்பது அவர் சட்டம். கொண்டைக்கடலை அளவில் ஏழு கோழி செய்து முற்றத்தில் விட்டிருந்தார் இவர். நாட்குறிப்பில் பன்றி உண்டு, கோழி இல்லை என்று ஏழையும் இடுக்கியால் பிடுங்கிப் போட்டார் கேப்டன். அவர் தலை மறைந்ததும் இவர் ஏழையும் பொறுக்கிக் கொட்டகைக்குள் வைத்துக் கூரையை மூடிவிட்டார்.

கண்காட்சிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது கேப்டன் சொன்னார், "பிரமாதம். இனிமே ஒடைச்சிடலாம்."

அந்தத் தேதியில் பண்ணை மேல் குண்டு விழுந்திருக்கிறது. கொட்டகைக் கூரை பாதி போய், ஒரு சுவர் சரிந்து கிடக்க வேண்டும். இதை அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். மற்றவர்கள் என்றால் இடிந்த சுவரை இடிந்த மாதிரியே செய்துவிடுவார்கள். இவரோ, முழுசாகக் கட்டி உடைத்தால்தான் நிஜமாக இருக்கும் என்று தீவனத் தொட்டி வரைக்கும் கட்டிவிட்டார். கட்டி முடித்தபின் கை வரவில்லை. முதல் வாரம் பெயிண்ட் காயவில்லை என்றார். இரண்டாம் வாரம் சளி என்றார். மூன்றாம் வாரம் சுத்தியலை எடுத்து, அதைத் துடைத்து, திரும்ப வைத்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை அவரே வந்து ஒடைக்கிறாராம்" என்றார் என்னிடம். "ஒடைஞ்சதை ஒட்டியே பழகின கை இது. பார்த்துட்டு நிக்க என்னால முடியாது. சங்கத்தை விட்டுடுறேன்."

மேசை காலியானால் போதும் என்று நேற்றுவரை சண்டை போட்டுக்கொண்டிருந்தவள் நான். ஆனால் சங்கத்தை விட்டால் இவருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். எழுத்து கண்ணில் பட்டால் குற்றம் கண்டுபிடிக்காமல் கை ஓயாது. அந்த நாற்பது பக்கத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேப்டன் சின்னச் சுத்தியலோடு வந்தார். காபி கொடுத்து உட்கார வைத்தேன்.

"அண்ணே, ஒரு சந்தேகம். இதைக் கொஞ்சம் படிங்களேன்."

பூதக்கண்ணாடியை வைத்து உரக்கப் படித்தார். "பத்தரை: டாங்கிகள் பண்ணை முற்றத்தில் நின்றன. பதினொன்றே கால்: துணிக்கொடியை அறுத்துவிட்டோம் என்று வீட்டுக்காரி சண்டைக்கு வந்தாள். பன்னிரண்டு: வீட்டார் வேறு ஊருக்கு அனுப்பப்பட்டனர். பன்னிரண்டரை: டாங்கிகள் புறப்பட்டன. ஒன்றே கால்: பண்ணையில் குண்டு விழுந்து, வீடு தரைமட்டம், கொட்டகை பாதி இடிந்தது."

"டாங்கி நிக்கும்போது கொட்டகை முழுசா இருக்கு. கொட்டகை இடியும்போது டாங்கி இல்ல. ரெண்டையும் ஒண்ணா வைக்க நாட்குறிப்புல இடமில்லையேண்ணே. இடிச்சுத்தான் ஆகணும்னா டாங்கியெல்லாம் பெட்டியிலதான் இருக்கணும்."

கேப்டன் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குள் காபி ஆறிப்போனது. "மூணு வருஷமா படிக்கிறேன் தங்கச்சி" என்றார் கடைசியில்.

"டாங்கி வர்ற வரியை மட்டும் படிச்சிருப்பீங்க."

என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கியது. கேப்டன் சுத்தியலைப் பைக்குள் போட்டார். ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "சரி, பதினொண்ணே காலுன்னு வைப்போம். அப்ப அந்தம்மா இருந்தாகணும். செஞ்சு குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவர் அதுவரை ஆள் செய்ததே இல்லை. நாலு நாள் குனிந்த தலை நிமிரவில்லை. ஐந்தாம் நாள் சுண்டுவிரல் உயரத்தில் ஒருத்தி முற்றத்தில் நின்றாள். ஒரு கை இடுப்பில், இன்னொரு கை டாங்கிக்காரன் மூக்குக்கு நேரே. கொண்டை என்னுடையது, இடுப்பும் என்னுடையது.

"யாருங்க இது?"

"நாட்குறிப்புல இருக்கிற அம்மா" என்றார், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. பிறகு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கொட்டகையைக் காப்பாத்திட்டோம்னு குதிச்சேன். இவளுக்கு இன்னும் ரெண்டு மணி நேரந்தான் வீடு" என்றார். கையில் இருந்த துணியால் மேசையைத் துடைத்தேன்.

கண்காட்சியில் டாங்கிகளை யாரும் சீந்தவில்லை. எல்லாரும் அவளைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். கேப்டன் கையில் குச்சியோடு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். காய்கறிப் பையோடு வந்த ஒரு பெண் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "இந்தம்மா அப்புறம் என்ன ஆனாங்க?" என்று கேட்டாள்.

போச்சு, ஒன்றே கால் மணிக் கதையை நிமிஷம் பிசகாமல் ஒப்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கேப்டன் குச்சியை உயர்த்தினார். முற்றத்தில் நின்றவளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பன்னெண்டரைக்கு டாங்கியெல்லாம் போயிடுச்சு. இவங்க கொடியை மறுபடி கட்டித் துணி காயப் போட்டாங்க."

"அப்படியா எழுதியிருக்கு?"

"கடைசி வரி" என்றார் கேப்டன்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு புள்ளி பிசகினாலும் விடாத நான் அன்றைக்கு வாயே திறக்கவில்லை.