பஸ் டிரைவரின் சாக்கேக் கிண்ணம்

ஜப்பானில் எங்கள் ஊரான முராகாமியில் இருபத்தெட்டு வருடமாக டவுன் பஸ் ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர் தெய்சோ. தினமும் பணிமனையில், குடித்திருக்கிறாரா என்று பார்க்கும் கருவியில் ஊதிக் காட்டிய பிறகுதான் சாவி கைக்கு வரும். பூஜ்யத்தைத் தவிர எது காட்டினாலும் அன்றைக்கு வண்டி கிடையாது. சாக்கே என்கிற அரிசி மது என்றால் இவருக்கு உயிர். ஆனால் மறுநாள் விடுமுறை என்றால்தான் தொடுவார், அதுவும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. இந்த மனிதர் ஒரு கிண்ணத்தை நிம்மதியாகக் குடித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் மகள் மியோகோவின் கல்யாணம் பேச, ஞாயிறு மதியம் மாப்பிள்ளையின் அப்பா ஷினாடா வந்தார். அன்று காலையில்தான் பணிமனையிலிருந்து போன்: இன்னொரு டிரைவருக்குக் காய்ச்சல், நாளை முதல் பஸ்ஸை இவர்தான் எடுக்க வேண்டும். அதிலிருந்து இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஷினாடாவோ தன் ஊர்ச் சாக்கேயைக் கொண்டுவந்து, குடுவையை வெந்நீரில் இறக்கி இளஞ்சூடாக்கச் சொன்னார்.

“முதல்ல மோந்து பாருங்க சம்பந்தி. அப்புறம் நாக்குலயே கொஞ்ச நேரம் வெச்சிருங்க. நடுவுல ஒரு வாய் தண்ணி, ஒரு துண்டு மீன். அவசரப்பட்டா ருசி தெரியாது.”

யாரிடம் போய்ச் சொல்கிறார்! சம்பந்தியிடம் மறுக்கவும் முடியாமல், காலி செய்துவிட்டால் தொல்லை விட்டது என்று இவர் ஒரே மடக்கில் குடித்தார். காலிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு எதிரே இருப்பவர் சும்மா இருப்பாரா? உடனே ஊற்றினார். இவர் மறுபடியும் மடக்கினார். அவர் மறுபடியும் ஊற்றினார். போதும் என்றால் கிண்ணத்தை நிறைந்தபடியே விட்டுவைக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பதற்றத்தில் இவருக்கு அதுகூட மறந்துவிட்டது. மேசைக்கு அடியில் தொடையைக் கிள்ளினேன்.

“ஏன்டி கிள்றே?” என்றார் சத்தமாக.

நாலாவது முறை குடுவை சாய்ந்தபோது கிண்ணத்தை உள்ளங்கையால் மூடினார்.

“மன்னிச்சுக்கணும். காலைல முதல் பஸ் நான்தான் எடுக்கணும். ஆஸ்பத்திரிக்குப் போறவங்கல்லாம் ஏறுவாங்க. இதுக்கு மேல வேண்டாங்க.”

ஷினாடாவின் முகம் வாடியது. போச்சு, கல்யாணப் பேச்சு இதோடு முறிந்தது என்று நினைத்தேன். மியோகோ குனிந்த தலை நிமிரவில்லை.

அவர் குடுவையைக் கீழே வைத்தார். “எங்கண்ணனும் டிரைவர்தாங்க, லாரி டிரைவர். யார் ஊத்தினாலும் வேண்டாம்னு சொல்ல வராது. ஒரே ஒரு நாள் அவன் இப்படிக் கையை வெச்சு மூடியிருந்தான்னா, இப்ப உங்க பக்கத்துல உக்காந்திருப்பான்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு மியோகோ பக்கம் திரும்பினார்.

“எங்க வீட்டுக்கு எப்பம்மா வர்றே?”