காக்கா இறங்கிய வெள்ளைக் கூரை

மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்து மொட்டைமாடிக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பெயிண்ட் அடிக்கிறார்கள். வீடு குளிரும் என்று கம்பெனிப் பையன் எனக்கே விளக்கினான். வாளியைத் திறந்ததும் வந்த சுண்ணாம்பு வாடையில் நான் தாராவிக்குப் போய்விட்டேன்.

அறுபதுகளில் ஒரு மே மாதம். மழைக்கு ஒழுகாமலிருக்க அப்பா எங்கள் தகரக் கூரைக்குத் தார் பூசியிருந்தார். கறுத்த கூரை தோசைக்கல்லாய்க் காய்ந்தது. கைக்குழந்தையான தங்கச்சிக்கு உடம்பெல்லாம் வேனல்கட்டி.

"இங்க இருந்தா பிள்ள செத்துரும், ஊருக்குப் போறேன்" என்று அம்மா மூட்டை கட்டினாள்.

நான் நாலாவதோடு படிப்பை விட்டவன். ஆனாலும் அப்பா வேலை பார்த்த தோல் பட்டறையில், சுண்ணாம்பு சிந்திய தகரத்தில் மட்டும் வெறுங்கால் சுடாது என்று என் காலுக்குத் தெரியும். தோல் ஊறிய சுண்ணாம்பை டப்பாவில் அள்ளிவந்து, கஞ்சி கலந்து, விளக்குமாற்றால் கூரை முழுக்க இழுத்தேன்.

அதிலிருந்த தோல் நாற்றத்துக்குக் காக்காய்கள் கூட்டமாக இறங்கின.

"ஏலே, காக்காவுக்குப் பந்தியா போடுத?" என்று எதிர்வீட்டுச் செல்லையா மாமா சிரித்தார்.

மத்தியானம் தங்கச்சி அசந்து தூங்கினாள். அம்மா கூரையின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். "சுடவே இல்லியே, மக்கா!" மூட்டையை அவிழ்த்தாள். சாயங்காலம் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார் செல்லையா மாமா, கையில் காலி டப்பாவோடு. அந்தக் கோடையில் எங்கள் சந்தே வெளுத்தது.

தங்கச்சி இப்போது திலக் நகரில் பேத்தி எடுத்துவிட்டாள்.

பையனிடம் சொன்னேன்: "எல்லாம் நான் அப்பவே பார்த்த வேலைதான் தம்பி. காக்காவைத்தான் காணோம்."